இருபது மில்லி ஆம்பியர்

கதவைச் சாத்தி எட்டு நிமிடமாகிறது. மீட்டரில் இன்னும் பாயிண்ட் இரண்டு எட்டு. இறங்கும், இறங்காமல் எங்கே போகும். சாவியை உருவி எல்லாக் கதவையும் பூட்டின பிறகும் வண்டி கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டுதான் இருக்கும், அலாரம் தன்னை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு அடங்கும், அதுவரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது, தொட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் இரண்டு மணி வெயிலில், குடியிருப்புக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, திறந்த பானெட்டுக்கு முன்னால், பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடுவில் என் மீட்டரைக் கோத்திருக்கிறேன். வண்டி தூங்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கிறதோ அத்தனையும் இதன் வழியாகத்தான் போயாக வேண்டும், ஏமாற்ற முடியாது. ஏமாற்றுகிறவர்களைப் பிடித்துத்தான் முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கினேன். மின்வாரியத்தில் மீட்டர் சோதனை வேலை. ராசமாணிக்கம் வருகிறான் என்றால் திருச்சி டவுனில் ஐஸ் பேக்டரி முதலாளிகூட எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்வான். அப்படிப்பட்டவனிடம் இன்று காலை அந்தப் பேட்டரிக் கடைக்காரன், நாற்பது வயதுகூட ஆகாதவன், கடையில் நான்கு பேர் நிற்கும்போது கேட்கிறான், "சார், தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்களே கீய ஆன்ல விட்டுட்டு மறந்துடறீங்களோ? வயசானா சகஜம்தான் சார்." சகஜமாம். பதினோரு மாதத்தில் இது மூன்றாவது பேட்டரி. முதல் இரண்டையும் வாய் பேசாமல் மாற்றிக் கொடுத்தான். இதை மட்டும் அவன் மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லாருக்கு சார், சார்ஜ்தான் எறங்கியிருக்கு" என்று ஏற்றிக் கொடுத்தான், கூடவே இந்தப் புத்திமதி. நான்கு பேரும் சிரித்திருந்தால்கூடத் தேவலை. பாவம் பார்த்தார்கள். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கசிவு எந்த வயர்லன்னு எழுதிக் கொண்டாந்து ஒன் டேபிள்ல வைக்கிறேன், இரு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கசிவு வயரில்தான் இருந்தாக வேண்டும். வயரில் இல்லையென்றால் வேறு எங்கே என்பதை நான் யோசிக்கப் போவதில்லை.

யோசிக்கப் போவதில்லை என்று சொன்னால் மனசு நேராக அங்கேதான் போய் நிற்கும், சனியன். லால்குடியில் அண்ணன். முதலில் கேஸ் அடுப்பை அணைக்க மறந்தார், பிறகு தண்ணீர் மோட்டாரை, பிறகு ஒரு நாள் அண்ணி சோறு வைக்கும்போது நிமிர்ந்து பார்த்து "யாரும்மா நீ, யார் வேணும் ஒனக்கு" என்று கேட்டார். அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அதற்கு முந்தின வருஷம் முழுக்க அவர் சத்தியம் செய்துகொண்டிருந்தார், நான் அணைச்சேன்டா, நான் நல்லா ஞாபகமா அணைச்சேன், யாரோ தொறந்து விடறாங்க. யாரோவாம். நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம், ஆட்டிவிட்டு வெளியே வந்து முகத்தைப் பார்த்துக்கொண்டோம். இப்போது நானும் அதே வார்த்தையைத்தானே சொல்கிறேன், கீயை எடுத்தேன், பிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டேன், இரண்டு தடவை பார்த்தேன். போன வாரம் இதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன், 'கீ எடுத்தாச்சு' என்று. யாருக்கும் சொல்லவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால் கை வெறுங்கை, எழுதினது அழிந்துவிட்டதா இல்லை எழுதவே இல்லையா என்று துண்டைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். சீ. வாட்ச்மேனை உள்ளே உட்காரவைத்துக் கிளப்பச் சொல்லி, நான் பானெட் பக்கம் நின்று ஆல்டர்னேட்டரைக் காலையிலேயே பார்த்துவிட்டேன், எஞ்சின் ஓடும்போது பதினாலு பாயிண்ட் இரண்டு வோல்ட், முகப்பு விளக்கைப் போட்டாலும் பதினாலுக்குக் கீழே இறங்கவில்லை, ஏற்றுகிற வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பூஞ்சையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவியாயிற்று. எர்த் வயர் வண்டியின் உடம்பில் பிடிக்கிற இடத்தில் துரு, அதையும் சுரண்டியாயிற்று. வண்டிக்கு வயது பதினெட்டு. எங்கோ ஒரு வயரின் தோல் உரிந்து தகரத்தில் உரசிக்கொண்டிருக்கும், பதினெட்டு வருஷ வண்டியில் உரசாமல் இருக்குமா, உரசும், உரச வேண்டும்.

லிப்ட் கதவு திறக்கிற சத்தம். செண்பகம். என் மனைவி. முப்பத்தெட்டு வருஷமாக என் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பவள். "என்னங்க, இன்னிக்கி படுக்கலையா?" மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டிலிருந்து நான்கு வரை நான் படுப்பது வழக்கம், ரிடையர் ஆன நாளிலிருந்து ஒரு நாள் தவறினதில்லை, டாக்டர் சொன்னதல்ல, நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட சலுகை. "படுக்கற மாதிரியா இருக்கு நெலம?" என்றேன். அவள் காரைச் சுற்றி இடது பக்கமாகப் போனாள். "டேஷ்போர்டுல என் கண்ணாடிக் கூடு இருக்கு. எடுத்துக்கறேன்." கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. "தொடாத!" கத்திவிட்டேன், வாட்ச்மேன் பெரியசாமி கேட்டருகிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. "கதவத் தொறந்தா மேல லைட் எரியும், அலாரம் முழிச்சுக்கும், மறுபடியும் மொதல்லேருந்து காத்துக் கெடக்கணும். கண்ணாடி இல்லாம என்ன படிக்கப் போற இப்ப?" அவள் கையை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டவள் போகவில்லை. "எவ்வளவு நேரமாகும்?" "ஆகும். அஞ்சு மணிக்குள்ள புடிபடலேன்னா இந்தச் சனியனை எடைக்குப் போட்டுடறேன். வருஷத்துல நாலு தடவ வெளிய போறதுக்கு நமக்கென்ன காரு." அவள் முகம் வெளுத்துவிட்டது. "எடைக்கா? எதுக்குங்க? அது பாட்டுக்கு ஒரு ஓரமா நிக்கிது." சிரிப்புதான் வந்தது. சமயபுரம் டோல் தாண்டுவதற்குள் வாந்தி எடுக்கிறவள், ஏறும்போதே முந்தானையை மூக்கில் பொத்திக்கொள்கிறவள், இவளுக்கு இந்த வண்டி மேல் திடீரென்று பாசம். இந்த வயதில் மனுஷருக்கு எது மேல் பாசம் வரும் என்று சொல்ல முடியாது போலிருக்கிறது, என் மேல் வந்த மாதிரி தெரியவில்லை. போ, மேல போ, என்று கையை ஆட்டினேன். போனாள். லிப்ட் மேலே போவதற்குள் மீட்டர் சட்டென்று இறங்கியது. பாயிண்ட் பூஜ்யம் இரண்டு. அங்கேயே நின்றது. தட்டிப் பார்த்தேன். பாயிண்ட் பூஜ்யம் இரண்டு.

இருபது மில்லி ஆம்பியர். இது கசிவே இல்லை. கடிகாரத்துக்குக் கொஞ்சம், அலாரத்துக்குக் கொஞ்சம், ரேடியோ தன் ஞாபகத்தை வைத்துக்கொள்ளக் கொஞ்சம், எல்லா வண்டியும் குடிப்பது. முப்பத்தைந்து ஆம்பியர் மணி பேட்டரியை இந்த வேகத்தில் குடித்தால் காலியாக எழுபத்து மூன்று நாள் ஆகும். என் பேட்டரி மூன்றே நாளில் படுத்துவிடுகிறது. எழுபத்து மூன்று எங்கே, மூன்று எங்கே. மீட்டர் பொய் சொல்லாது என்று எத்தனை பேர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருக்கிறேன். சர்வீசில் இருந்தபோது எனக்கு வயர் மேல் சந்தேகமே வந்ததில்லை. கணக்கு உதைத்தால் நேராக ஆளைப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன், யார் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறான், யார் வேர்க்கிறான் என்று. கரண்ட் தானாக எங்கேயும் போகாது, யாரோ கூப்பிட்டால்தான் போகும், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம் அது. உறையூரில் வெல்டிங் பட்டறை காத்தமுத்து. முத்திரையை உடைத்து மீட்டருக்கு முன்னாலேயே கொக்கி போட்டிருந்தான், பகல் முழுக்க வெல்டிங், பில்லைப் பார்த்தால் ஒரு சின்ன வீட்டுக்கு வருகிற பில். உள்ளே போன ஐந்தாவது நிமிடம் பிடித்துவிட்டேன். அவன் மறுக்கவில்லை, காலில் விழவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டான், "சார், எழுதிக்கங்க, கட்டிடறேன். கொஞ்சம் சத்தம் போடாம எழுதுங்க, வீட்ல புள்ளைங்க இருக்கு." நான் தெருவில் நின்றுகொண்டு, ஒவ்வொரு மெஷினாகப் பெயர் சொல்லி, இத்தனை கிலோவாட், இத்தனை கிலோவாட் என்று உரக்கப் படித்து எழுதவைத்தேன். அவசியமே இல்லை. உள்ளேயே எழுதியிருக்கலாம். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் நின்றார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொன்னால் என்ன, பிடித்திருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைதான் பதினாலு வருஷம் கழித்து என் மகளுக்கு மாப்பிள்ளையாக வரப் பார்த்தது.

ப்யூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டியதுதான், ஒரு வேளை விட்டுவிட்டுக் கசிகிற கசிவாக இருக்கலாம், அப்படியும் உண்டு. டிரைவர் கதவைத் திறந்து, கதவுப் பொத்தானை அமுக்கி டேப் ஒட்டினேன், கதவு சாத்தியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளட்டும், மறுபடி இருபதுக்கு இறங்கும்வரை காத்திருந்தேன். ப்யூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே, மனுஷன் எட்ட முடியாத இடத்தில். முழங்காலை வெளியே சிமெண்டில் ஊன்றி, தலையை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கழுத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தால் மூக்குக்கு நேரே மிதியடி, மண் வாடை, அதோடு என்னவோ தைல வாடை. அறுபத்தாறு வயதில் இது ஒரு கிடை. விளக்கு ப்யூஸ், பிடுங்கினேன், ஊர்ந்து வெளியே வந்து மீட்டரைப் பார்த்தால் இருபது. வைப்பர், இருபது. ஹாரன், இருபது. ஒவ்வொரு தடவையும் படுத்து எழுந்து படுத்து எழுந்து, பெரியசாமி வந்து "அய்யா, கோயில்ல சுத்தற மாதிரி சுத்தறீங்களே, நான் வேணா பாத்துச் சொல்லவா" என்றான். "உன் வேலையப் பாரு" என்றேன், பிறகு அவனையே மீட்டர் முன்னால் நிற்கவைத்தேன். "இருவதுங்கய்யா." "இருவதுங்கய்யா." "இருவதேதாங்கய்யா." பூரணி. அவள் பெயர் பூரணி, ஒரே மகள், சொல்லக் கூடாது என்று நானே போட்ட உத்தரவு, மனசுக்குள் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஹாலில் நின்று சொன்னாள், அழாமல் சொன்னாள், என் ரத்தம்தானே, "அப்பா, அவரோட அப்பா அபராதம் கட்டி முடிச்சு பதினாலு வருஷமாச்சு. நீங்கதான் இன்னும் வசூல் பண்ணிக்கிட்டிருக்கீங்க." பதில் தெரியாதபோது என்ன செய்வேனோ அதைச் செய்தேன், சத்தம் போட்டேன். நான் ஜாதி பார்க்கிறவனில்லை, காசு பார்க்கிறவனில்லை, திருடன் வீட்டில் பெண் கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான் என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்று ராத்திரி செண்பகத்திடம் சொன்னேன், இந்த வீட்டுக்குள்ள இனிமே அவ பேரு கேக்கக் கூடாது, போனும் கூடாது, மீறினா நான் இருக்க மாட்டேன். செண்பகம் சரி என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவள் போன் பில்லை ஒரு வருஷம் மாதாமாதம் வாங்கிப் பார்த்தேன், மகள் போய்க் குடியேறின ஓசூர் நம்பர் ஒன்றுகூட இல்லை, பிறகு எனக்கே அலுத்துவிட்டது. எங்கோ ஒரு கல்யாணத்தில் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்னார், உங்க மகளுக்குக் குழந்தை பொறந்திருக்காமே என்று. ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. மோர் கேட்டேன். "இருவதுங்கய்யா" என்கிறான் பெரியசாமி, பெட்டியில் ப்யூஸ் தீர்ந்துவிட்டது, கடைசியாகப் பிடுங்கினது கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் ரேடியோவுக்கும் பொதுவான ப்யூஸ். "இப்ப பூஜ்யங்கய்யா." நல்லது. கடிகாரம்தான் கரண்ட் குடிக்கிறது என்று எழுதிக் கொண்டுபோய் அவன் டேபிளில் வைக்கிறேன், நான்கு பேரும் மறுபடி பாவம் பார்க்கட்டும்.

டிக்கி விளக்கு ஒன்று பாக்கி. மூடின பிறகும் உள்ளே எரிந்துகொண்டே இருந்தால் யாருக்குத் தெரியும். எல்லா ப்யூசையும் திரும்பச் சொருகிவிட்டு, என் போனில் வீடியோவைப் போட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன், ஒரு நிமிடம் எண்ணினேன், திறந்து பார்த்தால் ஒரு நிமிடம் முழுக்கக் கருப்பு, நடுவில் என் இருமல் சத்தம். என் இருமல் அவ்வளவு கிழட்டு இருமலா. மூன்றே கால். செண்பகம் காபியோடு நிற்கிறாள், நான்கு மணிக்கு மேல் வருகிற காபி இன்று மூன்றே காலுக்கு. "மேல வந்து குடிங்களேன், ஃபேன் காத்துல." "இங்கயே குடு." "அந்தக் கண்ணாடிக் கூடு..." "செண்பகம், ஒனக்கு என்னதான் வேணும் இப்ப?" கேட்டேன், குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் டம்ளரை பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். இவளிடம் சொல்லிவிடலாமா என்று இருந்தது. இதோ பார், வயரில் ஒன்றும் இல்லை, ப்யூசில் ஒன்றும் இல்லை, ஆல்டர்னேட்டர் சரி, பேட்டரி சரி, மிச்சம் இருப்பது என் தலை ஒன்றுதான், எனக்குப் பயமாக இருக்கிறது, ஒரு நாள் உன்னைப் பார்த்து யாரும்மா நீ என்று கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. முப்பத்தெட்டு வருஷத்தில் இவளிடம் பயமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னதில்லை, சொல்கிற வாய் எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. காபியைக் குடித்தேன். சர்க்கரை அதிகம், அவள் கவனம் இங்கே இல்லை. "மோட்டார் போட்டுட்டு வரேன்" என்றாள், போகும்போது திரும்பிக் காரைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அண்ணனுக்கும் இப்படித்தான் கடைசியில் எல்லோரும் அவரை விட்டுவிட்டு அவர் அணைக்காத அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெகட்டிவ் வயரை மாட்டி ஸ்பேனரால் இறுக்கினேன். டேபிளில் வைக்க ஒன்றும் கிடையாது. கடைக்காரனே, நீ சொன்னது சரி, நான்தான் கீயை விட்டுவிட்டு மறக்கிறேன். போய்ச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு டாக்டரிடம் போக வேண்டும், டாக்டர் இன்று என்ன கிழமை என்று கேட்பார். கடிகாரத்தில் மணியைத் திருத்தி வைக்கலாம் என்று உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, சாவியைப் போட்டுத் திருப்பினேன். எஞ்சினைக் கிளப்பவில்லை, கீயை ஆனில் விட்டேன், அவ்வளவுதான். முகத்தில் காற்று அடித்தது. ஓவென்று, முழு வேகத்தில், தூசியோடு. காற்றாடித் திருகைப் பார்த்தேன். நான்கில் இருந்தது. நான் இரண்டுக்கு மேல் வைக்கவே மாட்டேன், அந்த இரைச்சல் எனக்கு ஆகாது, பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் வைத்ததில்லை, இதை நான் மறந்திருக்க முடியாது, இது ஞாபகமில்லை, இது என் காது. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். பின்னால் சாய்த்து விடப்பட்டிருந்தது, ஒருவர் வசதியாகச் சாய்ந்துகொள்கிற அளவுக்கு. தைல வாடை அங்கிருந்துதான். செண்பகம் ராத்திரியில் தேய்த்துக்கொள்கிற முட்டிவலித் தைலம். கணக்கு தானாக ஓடியது, நிறுத்த முடியவில்லை. நான்கில் ஓடினால் பத்து ஆம்பியர். ஒன்றரை மணி நேரம், பதினைந்து. மறுநாள் பதினைந்து. மூன்றாம் நாள் வண்டி கிளம்பாது. கச்சிதமாக வருகிறது. இரண்டு மணிக்கு நான் குறட்டை விட ஆரம்பித்ததும் ஆணியிலிருந்து சாவி இறங்குகிறது, நான்கு மணிக்குக் காபி போடுவதற்குள் ஏறிவிடுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் வேகும், காற்றாடி இல்லாமல் முடியாது. முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம், என் தலையில் ஒன்றுமில்லை, நான் அண்ணன் இல்லை, யாரோ திறந்து விடுகிறார்கள், நிஜமாகவே யாரோ. அதற்குப் பின்னாலேயே அந்தப் பழைய சந்தோஷம், கொக்கியைக் கண்டுபிடித்தவுடன் வருமே, அது. அப்புறம்தான் அந்தக் கேள்வி. வீட்டில் மூன்று ரூம் இருக்கிறது, ஹால் இருக்கிறது, பால்கனி இருக்கிறது. இந்தத் தகரப் பெட்டிக்குள் வந்து வெந்துகொண்டு உட்கார ஒருத்திக்கு என்ன தலையெழுத்து. அப்போது டேஷ்போர்டுக்குள் என்னவோ கடகடவென்று அதிர்ந்தது.

திறந்தேன். கண்ணாடிக் கூடு. அதற்குள் கண்ணாடி இல்லை, நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் இனி உதவாது என்று தூக்கிப் போட்ட என் பழைய பட்டன் போன் இருந்தது, கைக்குட்டையில் சுற்றி. அதிர்ந்துகொண்டே இருந்தது. இடது பக்கக் கண்ணாடிக்கு வெளியே செண்பகம். எப்போது வந்தாள் தெரியவில்லை, மோட்டார் போடப் போனவள், ஒரு கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை, தலையைக் குனியவில்லை. என்ன செய்துவிடப் போகிறாய் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள், காத்தமுத்து அன்று பார்த்தது ஞாபகம் வந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டேன். காதில் வைத்தேன். கத்துவதற்குத்தான் வைத்தேன், யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். "பாட்டி!" ஒரு சின்னக் குரல், ரகசியம் பேசுகிற குரல். பெண் குழந்தை. "பாட்டி, தாத்தா தூங்கிட்டாரா?" போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "பாட்டி? தாத்தா முழிச்சிட்டாரா? முழிச்சிட்டார்னா பேசாத, நான் வச்சிடறேன்." எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அகரம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வைத்துவிடப் போகிறது, இன்னும் ஒரு நொடியில் வைத்துவிடும், அதற்குப் பிறகு இந்தச் சத்தத்தை நான் எங்கே போய்க் கேட்பேன். "இல்ல பாப்பா" என்றேன், "தூங்கறாரு." அந்தப் பக்கம் குரலில் சந்தேகம். "நீங்க யாரு?" வெளியே செண்பகத்தின் கை கண்ணாடியிலிருந்து நழுவியது. சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை, அந்தக் குழந்தை தினமும் கேட்டுக் கேட்டுப் பழகின வார்த்தை. சொன்னால் அது பயந்து வைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். "மெக்கானிக்கு" என்றேன். "பாட்டி காரைப் பாக்க வந்தேன்." "கார் ரிப்பேரா?" "இல்ல. வண்டில ஒரு கோளாறும் இல்ல." "சரி. சத்தம் போடாதீங்க, தாத்தாவ எழுப்பிடாதீங்க. அவரு எந்திரிச்சா பாட்டி பேச மாட்டாங்க." "எழுப்பல பாப்பா" என்றேன். கண்ணாடியை இறக்கி போனைச் செண்பகத்தின் கையில் கொடுத்தேன். அவள் அதை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள், காதில் வைக்கவில்லை. நான் இறங்கி, பானெட்டை இறக்கிச் சாத்திவிட்டு, அவளுக்காக இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அதுவும் செய்ததில்லை. "கீ ஆன்லதான் இருக்கு, காத்தாடியும் ஓடுது" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஓட்டாத. அப்புறம் கெளம்பாது." "நீங்க?" என்றாள். போனிலிருந்து பாட்டி, பாட்டி என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் போய்ப் படுத்துக்கறேன்" என்றேன்.